எழுத்தாளர் ஃபிரான்ஸ் காஃப்கா படித்த ஜெர்மன் பள்ளி இன்றும் இருக்கிறதா? அவருடைய தந்தையின் கடையும் அதே கட்டடத்தில்தான் இருந்ததா?

கட்டடம் இருக்கிறது, பள்ளி இல்லை. செக் நாட்டின் தலைநகரான பிராக்கில், பழைய நகரச் சதுக்கத்தில், பக்கத்து வீடுகளின் வரிசையை விட்டுச் சற்று முன்னே நீண்டு, இளஞ்சிவப்பும் வெள்ளையுமாக நிற்கும் கின்ஸ்கி மாளிகைதான் அது. கோல்ட்ஸ் பிரபுவுக்காக 1755 முதல் 1765 வரை கட்டப்பட்டு, 1768இல் கின்ஸ்கி குடும்பத்தின் கைக்கு வந்தது. சதுக்கத்தில் நின்று எல்லோரும் படம் எடுப்பது அதன் முகப்பைத்தான். நானும் அப்படித்தான் எடுத்தேன். ஆனால் பள்ளி நடந்தது மாளிகையின் பின்பகுதியில்.

காஃப்கா 1893 முதல் 1901 வரை எட்டு ஆண்டுகள் அங்கே படித்தார். லத்தீனுக்கும் கிரேக்கத்துக்கும் மிகுந்த இடம் தந்த, பாடங்கள் முழுவதும் ஜெர்மனில் நடந்த அரசு உயர்நிலைப் பள்ளி அது. நகர மக்களிலோ ஜெர்மன் பேசுவோர் பத்தில் ஒருவருக்கும் குறைவு. 1897 டிசம்பரில் செக் மக்களின் கோபம் கலவரமாக வெடித்து, ஜெர்மானியர், யூதர் கடைகள் தாக்கப்பட்டபோது காஃப்காவுக்கு வயது 14. அவருடைய வகுப்பில் பெரும்பாலோர் யூதப் பிள்ளைகள். வகுப்புத் தோழர் ஹூகோ பெர்க்மன் 1920இல் எருசலேமில் குடியேறி, அங்குள்ள எபிரேயப் பல்கலைக்கழகத்தின் முதல் ரெக்டர், அதாவது கல்வித் தலைவர், ஆனார். நெருங்கிய நண்பர் ஆஸ்கர் போலக் 1915இல் போர்முனையில் இறந்தார்.

பள்ளி இல்லாமல் போனதைவிட, அதற்குப் பிள்ளைகளை அனுப்பிய சமூகமே இல்லாமல் போனதுதான் என்னை வருத்துகிறது. நாஜி ஆக்கிரமிப்பில் பிராக் யூதர்களில் பெரும்பாலோர் கொல்லப்பட்டனர். காஃப்காவின் மூன்று தங்கைகளும் அவர்களில் அடக்கம். 1945க்குப் பின் ஜெர்மானியர்கள் நாட்டைவிட்டு வெளியேற்றப்பட்டனர். 1948 பிப்ரவரியில் கம்யூனிஸ்ட் தலைவர் கோட்வால்ட் இதே மாளிகையின் மாடத்தில் நின்று சதுக்கத்துக் கூட்டத்திடம் பேசினார். இப்போது அது தேசியக் கலைக்கூடத்தின் வசம் இருக்கிறது.

கடையைப் பற்றி: இரண்டும் ஒரே காலத்தில் இருந்ததாகப் பலர் நினைக்கிறார்கள், அது சரியன்று. மகன் பள்ளியை முடித்துப் பதினொரு ஆண்டுகள் கழித்து, 1912இல்தான் தந்தை ஹெர்மன் காஃப்கா கடையை மாளிகையின் தரைத்தளத்துக்கு மாற்றினார். செக் மொழியில் ‘காவ்கா’ என்பது காக்கை இனத்துச் சிறு பறவை ஒன்றின் பெயர். கடையின் சின்னமும் அந்தப் பறவைதான்.