நூல் பிடித்த தூரம்: வாசகர் கேள்வி-பதில்

கேள்வி: கோவைக்கும் கொச்சிக்கும் 120 கி.மீ., விமானத்தில் அரை மணி நேரம் என்று ஒரு இணையதளத்தில் பார்த்தேன். டிக்கெட் போட்டபிறகுதான் சென்னை வழியாக ஆறு மணி நேரம் என்று தெரிந்தது. பணம் திரும்ப வருமா? (வேலந்தாவளம்)

பதில்: பெரும்பாலும் முழுசாக வராது. புறப்படும் நேரம், சேரும் நேரம் இரண்டும் பணம் கட்டும் முன்பே திரையில் இருந்திருக்குமே, பார்க்கவில்லையா?

இந்தத் தூரம் காட்டும் தளங்கள்மேல் எனக்குப் பழைய கடுப்பு உண்டு. வரைபடத்தில் இரண்டு ஊருக்கும் நடுவே நூல் பிடித்து அளக்கிறார்கள். மணிக்கு 800 கி.மீ. என்று வகுக்கிறார்கள், கொஞ்சம் சேர்த்து ‘பயண நேரம்’ என்று போட்டுவிடுகிறார்கள். அந்த வழியில் விமானம் ஓடுகிறதா என்று யாரும் பார்ப்பதில்லை. கோவை–சென்னையை எடுத்துக்கொள்ளுங்கள். நூல் பிடித்தால் சுமார் 400 கி.மீ., வகுத்தால் அரை மணி. டிக்கெட்டிலோ ஒரு மணிக்கு மேல் இருக்கும். நின்ற இடத்திலிருந்து விமானம் நகர்வது முதல் அங்கே போய் நிற்பது வரை கம்பெனி கணக்கு. ஓடுதளத்துக்கு ஊர்ந்து போவது, இறங்க இடம் கிடைக்காமல் வட்டமடிப்பது எல்லாம் அதில் அடக்கம். ஏடிஆர் மாதிரி சின்ன விமானமென்றால் வேகமே 500 சொச்சம்தான். அப்புறம் பீளமேடு விமான நிலையம் போய்ச் சேரும் நேரம், கவுண்டர் மூடுவதற்கு முன்னால் காத்திருக்கும் நேரம். பாலக்காட்டில் ரயில் ஏறியிருந்தால் மூன்று மணி சொச்சத்தில் எர்ணாகுளம்!

நான் மட்டும் யோக்கியமா? டிக்கெட்டில் 900 ரூபாய் மிச்சம் என்று கோவையை விட்டு நெடும்பாசேரியிலிருந்து, அதாவது கொச்சி விமான நிலையத்திலிருந்து, விடியற்காலை விமானம் போட்டேன். டாக்ஸிக்கு 3,800 ஆனது. வீட்டில் இன்றும் சொல்லிக் காட்டுகிறார்கள்.

கேள்வி: ஜன்னலோர சீட்டுக்கு 350 ரூபாய் கேட்கிறார்கள், கோவை–சென்னைதான். கட்டலாமா? (கொழிஞ்சாம்பாறை)

பதில்: வேண்டாம்.

கேள்வி: கோவை–சென்னை விமானத்தை முந்தின ராத்திரி ரத்து செய்தார்கள். இழப்பீடு 5,000 என்கிறார் மச்சான், 7,500 என்கிறார் ஏஜென்ட். எது சரி? (சித்தூர், பாலக்காடு)

பதில்: ஏஜென்ட் பாதி சரி. டிக்கெட்டில் போட்ட பயண நேரம் ஒரு மணி வரை என்றால் 5,000. அதற்கு மேல் இரண்டு மணி வரை 7,500. அதையும் தாண்டினால் 10,000. ஆனால் அடிப்படைக் கட்டணமும் எரிபொருள் கட்டணமும் சேர்ந்து இதைவிடக் குறைவாக இருந்தால் அந்தக் குறைந்த தொகைதான் கிடைக்கும். இது போக, மாற்று விமானம் அல்லது டிக்கெட் பணம் முழுதும் உண்டு. மழை, மூடுபனி காரணமென்றால் இழப்பீடு கேட்க முடியாது. தர மறுத்தால் ஏர்சேவாவில் (விமானப் பயணப் புகார்களுக்கான மத்திய அரசின் தளம்) புகார் போடுங்கள். அதற்கும் மசியவில்லையா, 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்திலேயே, அதாவது பாலக்காடு நுகர்வோர் ஆணையத்தில் வழக்குப் போடலாம். நீங்கள் கட்டிய தொகை 5 லட்சம் வரை என்றால் வழக்குக் கட்டணமில்லை.

கேள்வி: ரீஃபண்ட் கேட்க இணையத்தில் தேடி எடுத்த நம்பருக்கு அழைத்தேன். ஏதோ ஆப் இறக்கச் சொன்னார்கள். 18,000 போய்விட்டது. வீட்டில் சொல்லவே கூச்சமாக இருக்கிறது. (கோபாலபுரம்)

பதில்: கூச்சப்பட வேண்டியது அவர்கள், நீங்களல்ல. படித்தவர்களும் இதில் விழுகிறார்கள். இதைப் படித்ததும் சைபர் மோசடிக்கான உதவி எண் 1930-ஐ அழையுங்கள். சீக்கிரம் சொன்னால் பணம் கைமாறும் முன் முடக்க வாய்ப்பு உண்டு. வங்கியிலும் சொல்லி, அந்த ஆப்பை நீக்கிவிட்டுக் கடவுச்சொற்களை மாற்றுங்கள். ஸ்டேஷனில் எழுதிக் கொடுக்க மலையாளம் வராதே என்று தயங்காதீர்கள், தமிழிலேயே எழுதிக் கொடுங்கள்.