பெட்ரோல் போட்டவுடன் இன்ஜின் திணறுவது ஏன்?

டேங்க் நிரப்பி ஸ்டார்ட் செய்தால் இன்ஜின் குலுங்குகிறது, சில நிமிடத்தில் சரியாகிவிடுகிறது என்கிறீர்கள். ஒவ்வொரு முறையும் இப்படி ஆகிறதென்றால் பங்க்கைக் குறை சொல்ல வேண்டாம், பர்ஜ் வால்வைப் பாருங்கள். டேங்கில் எழும் ஆவியைக் கரி நிரம்பிய கேனிஸ்டர் பிடித்து வைக்கும். வண்டி ஓடும்போது அதை இன்டேக்குக்கு, அதாவது இன்ஜின் காற்று இழுக்கும் வழிக்கு, அளந்து விடுவது இந்த வால்வு. அது திறந்தபடி சிக்கிக்கொண்டால், பெட்ரோல் ஊற்றும்போது தள்ளப்படும் ஆவி மொத்தமும் இன்டேக்கில் சேர்ந்து மிக்சர் ரிச் ஆகிவிடும், அதாவது காற்றோடு கலக்கும் பெட்ரோல் அளவுக்கு மீறிவிடும்.

குளிர்ந்த இன்ஜினை ஸ்டார்ட் செய்து ஐடிலில் விடுங்கள். கேனிஸ்டரிலிருந்து வால்வுக்கு வரும் குழாயைக் கழற்றி, வால்வின் வாயில் விரலை வையுங்கள். விரலை இழுக்கிறதா? வால்வின் மின் கனெக்டரை உருவுங்கள். அப்போதும் இழுத்தால் வால்வு போய்விட்டது. இழுப்பது நின்றுவிட்டால் வயரிங்கைப் பார்க்க வேண்டும். ஸ்கேனரில் பி0496 என்ற கோளாறுக் குறியீடு வந்தாலும் சந்தேகம் இங்கேதான்.

வால்வை மாற்றும்வரை ஆக்சிலரேட்டரைப் பாதி அழுத்தியபடி ஸ்டார்ட் செய்யுங்கள். நாசில் தானாக நின்றபின் மேலும் ஊற்றவே கூடாது. திரவப் பெட்ரோல் கேனிஸ்டருக்குள் போனால் கரி கெட்டு உதிர்ந்து, அந்தத் தூளே புது வால்வையும் அடைக்கும்.

திணறல் இந்த ஒரு முறை மட்டும்தான் வந்தது, சில நிமிடத்தில் நிற்கவும் இல்லை என்றால் பெட்ரோலில் தண்ணீர் கலந்திருக்கலாம். ஃபியூவல் லைனின் பிரஷரை இறக்கிவிட்டு, அதிலிருந்து கண்ணாடி பாட்டிலில் அரை லிட்டர் பிடித்து அரை மணி நேரம் அசைக்காமல் வையுங்கள். அடியில் தனி அடுக்கு தெரிந்தால் வண்டியை ஓட்டாமல் டேங்கைக் காலி செய்யுங்கள்.