எஃப் கோர்டும் அடிமட்டமும்

அன்புள்ள அண்ணா,

திருகோணமலை உவர்மலையில் இருக்கிறேன். 43 வயதில் ஆசைப்பட்டு ஒரு கிற்றார் வாங்கினேன். பத்து மாதமாகியும் எஃப் கோர்ட் பிடிபடவில்லை. பல சுரம் ஒன்றாக ஒலிக்க, ஆட்காட்டி விரலால் எல்லாக் கம்பியையும் சேர்த்து அழுத்தும் பிடி அது. பத்து நிமிடத்தில் விரல் நோகிறது. உடனே கிற்றாரைச் சுவரில் சாத்திவிட்டு இசை வரலாற்றுக் காணொளி பார்க்கப் போய்விடுகிறேன். அதில் இரண்டு மணித்தியாலம் போகிறது. இப்படி இரண்டு தோணியில் கால் வைக்கலாமா? இந்த வயதில் இது தேவையா என்று மனைவியும் கேட்கிறார்.

— ஒரு வாசகர்

அன்புள்ள தம்பி,

மனைவியின் கேள்வியை விட்டுவிடுகிறேன். என் வீட்டிலும் அதே கேள்வி நிலுவையில் இருக்கிறது.

வரலாறு பார்ப்பதில் பிழையில்லை. ஆனால் நீங்கள் எஃப்புக்குப் பயந்து அங்கே ஒளிகிறீர்கள். நானும் ஒளிந்தவன்தான். ஸ்பெயினின் அந்தோனியோ டி டொரஸ் 19ஆம் நூற்றாண்டில் கிற்றாரின் உடலை எப்படிப் பெருப்பித்தார் என்று மணிக்கணக்காகப் பேசுவேன். எஃப் பிடித்தால் இரண்டு கம்பி செத்த சத்தம் போடும்.

பிள்ளையின் அடிமட்டத்தை எடுங்கள். கழுத்தின் நுனியில் கம்பிகள் ஏறி வரும் சின்னக் கட்டையிலிருந்து 12ஆவது பிரெட் (கழுத்தில் குறுக்கே பதித்த உலோகக் கம்பி) வரை அளந்து, இரண்டால் பெருக்குங்கள். 650 மில்லிமீற்றருக்குக் கிட்ட வரும். அதை 18ஆல் வகுத்தால் 36.1. முதல் பிரெட் ஏறக்குறைய அங்கேதான் இருக்கும். மிச்ச நீளத்தை மறுபடி 18ஆல் வகுத்தால் இரண்டாவது. கிற்றார் போன்ற பழைய லூட் வாத்தியத்துக்கு இந்தக் கணக்கை 1581இல் எழுதியவர் வின்சென்சோ கலிலி, வானத்தைத் தொலைநோக்கியால் பார்த்த கலிலியோவின் அப்பா. இன்று 17.817ஆல் வகுக்கிறார்கள். முதல் பிரெட்டில் வித்தியாசம் அரை மில்லிமீற்றர்கூட இல்லை.

இப்போது உங்கள் எஃப்புக்கு வருவோம். நுனிக் கட்டைக்கும் முதல் பிரெட்டுக்கும் இடையிலான முதல் கட்டம் 36 மில்லிமீற்றர் என்றால் ஐந்தாவது கட்டம் 29தான். போதாததற்கு, நுனிக் கட்டைக்குப் பக்கத்தில் கம்பி விறைப்பாக நிற்கும். ஆக, நீங்கள் மல்லுக்கட்டுவது இருப்பதிலேயே கடினமான இடத்தில். அதே பிடியை ஐந்தாவது பிரெட்டில் வையுங்கள். அது ஏ கோர்ட். அங்கே சத்தம் தெளிந்ததும், வாரத்துக்கு ஒரு பிரெட்டாக இறங்கி வாருங்கள்.

அப்புறம், நம்மூர்க் கடற்காற்று கம்பியைச் சும்மா விடாது. வாசித்து முடிந்ததும் பழைய சாரத் துண்டால் துடையுங்கள். வறண்ட கச்சான் காற்றில் மரம் சுருங்கி, பிரெட் முனைகள் கையைக் கீறினால் பயப்பட வேண்டாம். மாரி வந்ததும் மரம் பழையபடி ஊறிக்கொள்ளும். சுவரில் மட்டும் சாத்தாதீர்கள், நாளடைவில் கழுத்து வளையலாம்.

வரலாறுதான் வேண்டுமென்றால் காணொளியை மூடிவிட்டு, பாலையூற்றில், ஐரோப்பியர் வழிவந்த பறங்கியர் கலியாணத்துக்கு யாராவது கூப்பிட்டால் போங்கள். போர்த்துக்கேயர் காலத்து வேர் உள்ள கஃப்ரிஞ்ஞா ஆட்டம் திருகோணமலையிலும் மட்டக்களப்பிலும் இன்னும் இருக்கிறது. நம் கலியாண வீடுகளில் ஆடும் பைலாப் பாட்டின் அடி அதன் உறவுதான்: ஆறு தட்டு, ஒன்றிலும் நான்கிலும் கனம். கிற்றார்க்காரரின் மணிக்கட்டைப் பாருங்கள். இடக்கையில் பெரும்பாலும் சி, ஜி, அப்புறம் அந்த எஃப்.