மைத்துனனின் துக்கம்

அன்புள்ள ஐயா,

என் அக்கா மார்பகப் புற்றுநோயால் தவறி மூன்று வருடம் ஆகப்போகிறது. அம்மாவுக்கு உடம்பு முடியாதபோது என்னை இடுப்பில் தூக்கி வளர்த்தவள் அவள். அத்தான் இப்போது தனியாகத்தான் இருக்கிறார். மறுகல்யாணப் பேச்சை எடுத்த உறவுக்காரர்கள் யாரும் அந்த வீட்டுப் பக்கமே வருவதில்லை, அப்படிப் பேசி அனுப்பிவிட்டார்.

ராத்திரியானால் நெட்ஃபிளிக்ஸில் ‘ஆஃப்டர் லைஃப்’ என்ற பிரிட்டிஷ் காமெடித் தொடரைப் பார்க்கிறார். மூன்று சீசனும் முடிந்தால் மறுபடி முதலிலிருந்து. “நான் சொல்ல முடியாததையெல்லாம் இந்த ஆள் சொல்லிட்டான், நீயும் பாரு” என்றார். பார்த்தேன், அருவருப்பாக இருந்தது. பெண்டாட்டி செத்துவிட்டாள் என்பதற்காக எதிரே வருகிறவனையெல்லாம் கெட்ட வார்த்தையில் திட்டலாமா? பள்ளிக்கூடத்துப் பையனைச் சுத்தியலைக் காட்டி மிரட்டலாமா? இதற்கு அத்தான் சிரிக்கிறார். எனக்குக் கோபம் வருகிறது, கோபப்பட்டதற்காகப் பிறகு வருத்தமாகவும் இருக்கிறது.

ஆபீஸில் ஒருவர் காவியம் என்கிறார். இன்னொருவர், முதல் சீசனோடு நிறுத்தியிருக்க வேண்டும், மிச்சமெல்லாம் அழுமூஞ்சித்தனம் என்கிறார். என் மனைவிக்கு அந்த நாயை மட்டும் பிடித்திருக்கிறது. சாவை வைத்து இப்படி காமெடி பண்ணலாமா? இதைப் பார்க்காதீர்கள் என்று அத்தானிடம் சொல்லலாமா?

(என் பெயரை வெளியிட வேண்டாம்.)

*

அன்புள்ள நண்பருக்கு,

சாவை வைத்து நகைச்சுவை செய்யலாமா என்பதை முதலில் முடித்துவிடுகிறேன். உங்கள் உண்மையான சிக்கல் அதில் இல்லை என்று நினைக்கிறேன். கொள்ளுப்பேரன் கண்டு தொண்ணூறு வயதில் போன கிழவியின் சாவை நாம் கல்யாணச் சாவு என்கிறோம். பறையடித்து, ஆட்டம் போட்டு, கிழவியின் கஞ்சத்தனத்தையும் வாய்த்துடுக்கையும் சொல்லிச் சொல்லிச் சிரித்துத்தான் அனுப்பிவைக்கிறோம். அதை யாரும் குற்றம் சொல்வதில்லை. அதே தெருவில் நாற்பது வயதுக்காரி போனால் ஒருவரும் வாய்திறப்பதில்லை. சிரிக்கலாமா கூடாதா என்பதைச் செத்தவரின் வயதை வைத்துத் தீர்மானிக்கிறோம். இந்தத் தொடரை உருவாக்கிய ரிக்கி ஜெர்வைஸ் இந்த வரம்பைக் கலைத்துப் போட்டிருக்கிறார். இரண்டாவது சீசனில், நூறு வயது ஆனதைக் கொண்டாட ஒன்றுமே இல்லை என்று கெட்ட வார்த்தையில் பொரிந்து தள்ளும் ஒரு மூதாட்டி வருகிறாரே, அவரைப் பார்த்து நீங்களும் சிரித்திருப்பீர்கள். ஆகவே சிரிப்பு உங்களுக்குப் பிரச்சினையில்லை. யார், எதற்குச் சிரிக்கிறார் என்பதுதான் பிரச்சினை.

பார்க்காதவர்களுக்காகக் கதையைச் சொல்லிவிடுகிறேன். இங்கிலாந்தில் டாம்பரி என்றொரு கற்பனைச் சிற்றூர். அங்கே இலவசமாகக் கிடைக்கும் உள்ளூர்ப் பத்திரிகையில் டோனி வேலை பார்க்கிறான். மனைவி லிசா புற்றுநோயால் இறந்துவிட்டாள். அவனும் செத்திருப்பான். நாய்க்குச் சோறு போட ஆளில்லாமல் போகும் என்பதால் இருக்கிறான். இனி தோன்றியதைச் சொல்வேன், தோன்றியதைச் செய்வேன், நிலைமை முற்றினால் செத்துப்போவேன், இழக்க ஒன்றுமில்லாதவனை யார் என்ன செய்ய முடியும் என்பது அவன் கணக்கு. ஜெர்வைஸே எழுதி, இயக்கி, டோனியாக நடித்திருக்கிறார். 2019 மார்ச்சில் முதல் சீசன், 2020 ஏப்ரலில் இரண்டாவது, 2022 ஜனவரியில் கடைசி. ஒவ்வொன்றிலும் ஆறு அத்தியாயங்கள்.

உங்கள் ஆபீஸில் நடக்கும் சண்டை பிரிட்டனிலும் நடந்தது. நாளிதழ் விமர்சகர்கள் பலர் இதை மிகையுணர்ச்சி என்றும் சுயபச்சாதாபம் என்றும் எழுதினார்கள். பார்வையாளர்கள், குறிப்பாக யாரையாவது பறிகொடுத்தவர்கள், அழுதுகொண்டே கொண்டாடினார்கள். இரண்டாவது சீசன் வந்தபோது பிரிட்டனில் ஊரடங்கு. இறுதிச்சடங்குக்கு இத்தனை பேர்தான் வரலாம் என்று கட்டுப்பாடு. அப்பாவை அடக்கம் செய்யப் போக முடியாமல் வீட்டில் முடங்கியிருந்தவனுக்கு, கல்லறையருகே பெஞ்சில் உட்கார்ந்து பேசும் இரண்டு பேரைத் திரையில் பார்ப்பது எப்படி இருந்திருக்கும்? தெருவில் முன்பின் தெரியாதவர்கள் தன்னை நிறுத்தி, தாங்கள் யாரை இழந்தோம் என்று சொல்வதாக ஜெர்வைஸ் பேட்டிகளில் சொல்லியிருக்கிறார். கடைசி சீசன் வந்தபோது தற்கொலைத் தடுப்புக்காக வேலை செய்யும் காம் என்ற தொண்டு நிறுவனத்தோடு சேர்ந்து நெட்ஃபிளிக்ஸ் 25 பெஞ்சுகளைப் பிரிட்டனின் ஊராட்சி அமைப்புகளுக்குக் கொடுத்தது. பூங்காவில் போய் உட்காருங்கள், பக்கத்தில் இருப்பவரோடு பேசுங்கள் என்று. ஒரு நகைச்சுவைத் தொடர் முடிந்து ஊருக்கு உட்காரப் பெஞ்சு கிடைத்ததாக நான் வேறெங்கும் கேள்விப்பட்டதில்லை.

என் அபிப்பிராயத்தைக் கேட்டால், டோனியின் வசவுகள்தான் இந்தத் தொடரின் மட்டமான பகுதி. பையனைச் சுத்தியலால் மிரட்டுவதும், ஆபீஸில் புகைப்படக்காரர் லென்னியின் தொந்தியைக் கிண்டல் செய்வதும் எந்தத் துக்கமும் இல்லாத ஒருவன்கூட எழுதிவிடக்கூடிய காட்சிகள். துக்கத்தை அவற்றுக்கு அனுமதிச்சீட்டாகக் காட்டுகிறார்கள், அவ்வளவுதான்.

நல்ல நகைச்சுவை வேறு இடத்தில் இருக்கிறது. டோனி பேட்டியெடுக்கப் போகும் மனிதர்களைப் பாருங்கள். பிறந்தநாளுக்கு ஒரே மாதிரி ஐந்து வாழ்த்து அட்டைகள் வந்துவிட்டன என்று ஒரு பெரியவர் பத்திரிகைக்காரர்களை வீட்டுக்கு வரவழைக்கிறார். இரண்டு மூக்குத் துவாரத்திலும் குழலை வைத்து ஊதும் ஒரு பையன். தங்கள் குழந்தை ஹிட்லர் மாதிரி இருக்கிறது என்று பெருமைப்படும் பெற்றோர். மனைவியை இழந்தவன் இவர்கள் எதிரே குறிப்பேட்டோடு உட்கார்ந்து, அப்புறம் சொல்லுங்க என்று கேட்டு எழுதிக்கொள்ள வேண்டியிருக்கிறது. அவன் உலகம் நின்றுபோனது இவர்களுக்குத் தெரியாது, தெரிந்தாலும் அந்த ஐந்து அட்டைகள்தான் இவர்களுக்கு முக்கியம். எழவு விழுந்த வீட்டுக்குப் பக்கத்து வீட்டில் மறுநாள் காலை வழக்கம்போல மிக்ஸி ஓடுமே, அந்தக் கொடூரம் இந்தக் காட்சிகளில் சிரிப்பாக மாறியிருக்கிறது. அதைப்போலவே மறதி நோயோடு இல்லத்தில் இருக்கும் டோனியின் அப்பா. லிசா எங்கே என்று மகனிடமே கேட்கிறார். செத்துவிட்டாள் என்று மறுபடி சொல்ல வேண்டும், அவர் மறுபடி மறந்துவிடுவார். இதற்குச் சிரிப்பதா அழுவதா என்று தெரியாமல் நாம் திணறுகிறோம். கறுப்பு நகைச்சுவை என்றால் எனக்கு அது இதுதான்.

எல்லா அத்தியாயமும் ஒரே மாதிரி இருக்கிறது என்ற குறையைப் பலர் சொல்கிறார்கள். எழுந்திருக்கிறான், மடிக்கணினியில் லிசா விட்டுப்போன வீடியோவைப் பார்க்கிறான், நாயை நடத்திப் போகிறான், ஆபீஸ், அப்பா, கல்லறை, ஒயின், மறுபடி வீடியோ. நான் இதைக் குறையாக நினைக்கவில்லை. துக்கத்தில் கதை முன்னேறாது. உங்கள் அத்தான் மூன்று சீசனையும் முடித்துவிட்டு மறுபடி முதலிலிருந்து போடுகிறாரே, அவருக்கு அது நன்றாகத் தெரிந்திருக்கிறது.

உண்மையான பழுது என்று நான் சொல்வது ஜூலியன் விவகாரத்தை. காதலியை இழந்து போதையில் கிடக்கும் அந்த ஆள் சாகத்தான் போகிறான் என்று தெரிந்தே டோனி பணம் கொடுக்கிறான். அவன் செத்தும் போகிறான். அந்தச் செயலின் பாரத்தைத் தொடர் சுமக்கவே இல்லை. அடுத்தடுத்த அத்தியாயங்களில் டோனி மெல்ல நல்லவனாகி, ஊராருக்குப் பரிசு கொடுத்துத் திரிகிறான். மூன்றாவது சீசன் முழுக்க அந்த இனிப்புத்தான். கடைசியில் திருவிழா மைதானத்திலிருந்து டோனியும் லிசாவும் நாயும் நடந்து போகிறார்கள். முதலில் லிசா மறைகிறாள், பிறகு நாய், பிறகு டோனி. டோனி செத்துவிட்டானா என்று இணையத்தில் அத்தனை பேர் அடித்துக்கொண்டார்கள். எனக்கு அந்தப் புதிர் அவ்வளவு பெரிதாகப் படவில்லை. எல்லாரும் போவார்கள், புல்வெளி இருக்கும், அவ்வளவுதான் அந்தக் காட்சி.

இனி உங்களுக்கு வருகிறேன். உங்கள் கடிதத்தில் டோனி இருக்கிறான், பையன் இருக்கிறான், நாய்கூட இருக்கிறது. மேட் இல்லை. டோனி வேலை பார்க்கும் பத்திரிகையின் ஆசிரியர் மேட், லிசாவின் கூடப்பிறந்தவன். டோனி மனைவியை இழந்த அதே நாளில் இவன் சகோதரியை இழந்திருக்கிறான். தொடர் இவனுக்குக் கொடுக்கும் வேலை என்ன? டோனியைப் பொறுத்துக்கொள்வது, மனநல மருத்துவரிடம் போகச் சொல்லிக் கெஞ்சுவது, அவன் திட்டிய ஆட்களைச் சமாதானப்படுத்துவது. பொறுத்துப் பொறுத்துப் பார்த்துவிட்டு, இப்படியே இருந்தால் என் மகனை உன்னோடு விடமாட்டேன் என்று மிரட்டும்போது நமக்கு மேட் மீதுதான் எரிச்சல் வருகிறது, அப்படி எழுதியிருக்கிறார்கள். இவனுக்கும் துக்கம் உண்டு என்று அவ்வப்போது நினைவுபடுத்திவிட்டு, உடனே காமிரா டோனியிடம் திரும்பிவிடுகிறது. கல்லறை பெஞ்சும் அப்படித்தான். அங்கே உட்கார்ந்திருக்கும் ஆன் என்ற பெண்மணி கணவனை இழந்தவர், பக்கத்தில் மனைவியை இழந்தவன். கூடப்பிறந்தவளை இழந்தவனுக்கு அதில் இடமில்லை. லிசாவும் நமக்கு டோனியின் வீடியோக்கள் வழியாகத்தான் அறிமுகம். சிரிக்கும் மனைவியாக, சாகும் மனைவியாக. அவள் சிறுமியாக இருந்ததைப் பார்த்த ஒரே ஆள் அந்த ஆபீஸின் கண்ணாடி அறையில் தலையங்கத்தைப் பற்றிக் கவலைப்பட்டுக்கொண்டிருக்கிறான்.

உங்கள் அருவருப்புக்கு இதுதான் காரணம் என்பது என் ஊகம். அத்தான் டோனியின் நாற்காலியிலிருந்து இந்தத் தொடரைப் பார்க்கிறார். நீங்கள் மேட்டின் நாற்காலியிலிருந்து பார்க்கிறீர்கள், தெரியாமலே. டோனி சிரிப்பாகவும் திட்டாகவும் குடியாகவும் கொட்டித் தீர்க்கிறான், எல்லாரும் அவனைச் சுற்றி நிற்கிறார்கள். உங்கள் வீட்டிலும் அப்படித்தானே நடந்திருக்கும்? வந்தவர்கள் எல்லாரும் அத்தானைப் பற்றி உங்களிடம் விசாரித்திருப்பார்கள். பாவம் அவர், எப்படிச் சாப்பிடுகிறார், தூங்குகிறாரா என்று. உங்களைப் பற்றி யாரிடம் கேட்டார்கள்?

நம் சடங்குகள்மேல் எனக்குப் பெரிய பக்தி ஒன்றும் கிடையாது. ஆனால் பிறந்த வீட்டுக் கோடி என்ற ஒன்று இருக்கிறது. கட்டிக்கொடுத்த பெண் இறந்தால் அண்ணனோ தம்பியோ புடவை கொண்டுவந்து போர்த்தினால்தான் மேலே காரியம் நடக்கும். அது வந்து சேரும்வரை பாடை காத்திருக்கும். ஊர் பார்க்க, ஒரு நிமிஷமாவது அந்தச் சாவு தம்பியுடையதாக ஆகிறது. டாம்பரியில் மேட்டுக்கு அப்படி ஒரு நிமிஷம் இல்லை. உங்களுக்குக் கிடைத்திருக்கும். ஆனால் அந்த ஒரு நிமிஷத்துக்கு அப்புறம் மூன்று வருடமாக நீங்கள் அத்தானின் துக்கத்தைக் கவனித்துக்கொள்ளும் ஆளாக மட்டும் இருந்திருக்கிறீர்கள் என்று உங்கள் கடிதத்தைப் படித்தால் தோன்றுகிறது.

பார்க்காதீர்கள் என்று அவரிடம் சொல்ல வேண்டாம். அது அவர் கைத்தடி, பிடுங்க உங்களுக்கு உரிமையில்லை. கூட உட்கார்ந்து பாருங்கள். மேட் வரும் ஏதாவது ஒரு காட்சியில் நிறுத்தி, இந்த ஆளுக்கும் அக்காதங்கை செத்துப்போயிருக்கே அத்தான், இவனை யாராவது கேட்டாங்களா என்று கேளுங்கள். கோபித்துக்கொண்டாலும் கேளுங்கள். உங்களை இடுப்பில் தூக்கி நடந்த அந்தப் பெண்ணை அவருக்குத் தெரியாது. அவளைப் பற்றிச் சொல்லும்போது கேட்டுக்கொள்ள அவரைவிடப் பொருத்தமான ஆள் உங்களுக்கும் கிடைக்கமாட்டார்.

இன்னொன்று. நடைமுறை விஷயம், தொடரோடு கலந்துவிட வேண்டாம். டோனி தினமும் எவ்வளவு குடிக்கிறான் என்று கவனித்திருப்பீர்கள். அத்தானும் அந்த நேரத்தில் குடிக்கிறாரா என்று நீங்கள் எழுதவில்லை. இனி இருந்து என்ன என்கிற மாதிரி எப்போதாவது பேசியிருந்தால், அதை வசனமாக எடுத்துக்கொண்டு விட்டுவிடாதீர்கள். நேரடியாகக் கேட்டுவிடுங்கள், கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக முளைத்துவிடாது. மத்திய அரசின் டெலி மானஸ் எண் 14416, தமிழிலும் பேசலாம், கட்டணம் இல்லை. மருத்துவரிடம் கூட்டிப்போக வேண்டியிருந்தால் அவர் முரண்டு பிடிக்கக்கூடும், ஏனென்றால் அவர் திரும்பத் திரும்பப் பார்த்திருப்பது, மற்ற நோயாளிகளின் ரகசியங்களைக் கதையாகச் சொல்லும் அந்தக் கோமாளி டாக்டரை. நிஜத்தில் அப்படிப்பட்டவர்கள் குறைவு என்று சொல்லிக் கூட்டிப்போங்கள்.