எண் பொருத்தும் மேசையில் உங்கள் மகள்

அன்புள்ள ஐயா,

உங்கள் கடிதத்தில் முக்கியக் கேள்வி ஒன்றுதான், கவலைகள் நான்கைந்து. கேள்விக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். வங்கியில் பத்து வாரப் பயிற்சியில் இருக்கும் உங்கள் மகள் அதைப் பாதியில் விட வேண்டாம். நீங்களும் வங்கி மேலாளரைத் தொலைபேசியில் அழைத்து, "என் மகளை வேறு பிரிவுக்கு மாற்றுங்கள்" என்று கேட்க வேண்டாம். இரண்டில் எது அதிகக் கெடுதல் என்று கேட்டால், தயங்காமல் இரண்டாவதைச் சொல்வேன். வேலைக்கு வந்த இடத்தில் பெற்றோர் பேச வந்தால், அந்தப் பிள்ளைக்கு அடுத்த வேலையைக் கொடுக்க எந்த மேலாளரும் ஒரு கணம் யோசிப்பார்.

பெரிய வங்கி, கடும் போட்டிக்கு நடுவே கிடைத்த இடம். நாணயமும் கடன் பத்திரமும் கைமாறும் டீலிங் அறையில் உட்காரப்போகிறார் என்று நீங்கள் எதிர்பார்த்தீர்கள். அவரைப் போட்டதோ கணக்கு ஒத்துப்பார்க்கும் பிரிவில். "நாள் முழுவதும் இரண்டு பட்டியல்களை வைத்துக்கொண்டு எண் பொருத்துகிறாள், இதற்கா இவ்வளவு படித்தாள்" என்று எழுதியிருக்கிறீர்கள். உங்கள் ஏமாற்றம் புரிகிறது. ஆனால் அந்த மேசையை நீங்கள் இருவருமே குறைத்து எடைபோட்டுவிட்டீர்கள் என்பது என் கருத்து.

அங்கே என்ன நடக்கிறது என்று பாருங்கள். ஒரு வங்கி வேறு நாட்டு வங்கிகளில் தனக்கென்று கணக்கு வைத்திருக்கும். அந்தக் கணக்கில் என்ன வந்தது, என்ன போனது என்று தன் பேரேட்டில் எழுதிக்கொள்ளும். எதிர்முனை வங்கியும் தன் பங்குக்கு எழுதி, அறிக்கையாக அனுப்பும். இரண்டும் ஒத்துப்போக வேண்டும். பெரும்பாலான வரிகளை மென்பொருளே பொருத்திவிடும். பொருந்தாமல் மிஞ்சுவதுதான் மனிதர் கைக்கு வரும். ஆக, உங்கள் மகள் முன்னால் வந்து நிற்கும் ஒவ்வொரு வரியும் இயந்திரம் "எனக்குப் புரியவில்லை" என்று கைவிட்ட வரி.

ஓர் உதாரணம் சொல்கிறேன். 25,000 டாலர் வரவேண்டும் என்று பேரேடு சொல்கிறது. வந்ததோ 24,982. 18 டாலர் எங்கே போனது? இடையில் ஒரு வங்கி கட்டணம் எடுத்திருக்கலாம். எடுத்தது முறைதானா? பணத்தோடு வந்த ஸ்விஃப்ட் செய்தியை, அதாவது வங்கிகள் தங்களுக்குள் அனுப்பிக்கொள்ளும் மின்னணுச் செய்தியைத் திறந்தால், கட்டணத்தை அனுப்புபவர் ஏற்பதா, பெறுபவர் ஏற்பதா, இருவரும் பகிர்வதா என்று குறிக்கும் கட்டம் ஒன்று இருக்கும். பெறுபவர் பொறுப்பு என்று இருந்தால் கழித்தது சரி. நம் பதிவைத் திருத்த வேண்டும். அனுப்புபவர் பொறுப்பு என்று இருந்தால் அந்த 18 டாலரைக் கேட்டு வாங்க வேண்டும். அதற்குக் கடிதம் போக வேண்டும், பதில் வரும்வரை அந்தத் தொகை, முடிவாகாத தொகைகளை வைக்கும் அனாமத்துக் கணக்கில் கிடக்கும். எத்தனை நாளாகக் கிடக்கிறது என்று தணிக்கையாளர் வந்து கேட்பார். பதினெட்டு டாலரைத் துரத்திப் போனாலே பணம் ஒரு நாட்டிலிருந்து இன்னொரு நாட்டுக்கு எப்படிப் போகிறது என்பது முழுவதும் தெரிந்துவிடும். வகுப்பறையில் படிக்கும்போது அம்புக்குறி போட்ட படமாக மட்டுமே தெரியும் விஷயம் இது.

இந்த மேசை ஏன் டீலிங் அறையிலிருந்து தனியே இருக்கிறது என்று உங்கள் மகள் யாரையாவது கேட்டாரா? கேட்டிருந்தால் பேரிங்ஸ் வங்கியின் கதையைச் சொல்லியிருப்பார்கள். 1762-இல் தொடங்கிய பழம்பெரும் லண்டன் வங்கி அது. அதன் சிங்கப்பூர் அலுவலகத்தில் நிக் லீசன் என்ற இளைஞர் வர்த்தகமும் செய்தார். அந்த வர்த்தகத்தின் கணக்கைச் சரிபார்த்துத் தீர்க்கும் பிரிவையும் அவரே கவனித்தார். வாங்கி விற்பவரும் அவர், அது சரியா என்று பார்ப்பவரும் அவர். பிழைகளைப் பதிவதற்கென்று இருந்த 88888 என்ற எண்ணுள்ள கணக்கில் நட்டங்களை மறைத்துக்கொண்டே போனார். இரண்டு பொறுப்புகளும் ஒருவரிடம் இருப்பதை 1994-இல் உள் தணிக்கை சுட்டிக்காட்டியும் காரியம் நடக்கவில்லை. 1995 பிப்ரவரியில் வங்கி கவிழ்ந்தது. நட்டம் 82 கோடி பவுண்டுக்கு மேல். டச்சு நிறுவனமான ஐஎன்ஜி அதை ஒரு பவுண்டுக்கு வாங்கியது. அன்று அங்கே, லீசனுக்குக் கட்டுப்படாத யாராவது ஒருவர் உட்கார்ந்து எண் பொருத்தியிருந்தால் கதை இவ்வளவு தூரம் போயிருக்காது.

சரி, ஆள் பிரிந்திருந்தால் போதுமா என்றால், அதுவும் போதாது. 2020 ஆகஸ்டில் சிட்டிபேங்க், ரெவ்லான் என்ற அழகுசாதன நிறுவனத்துக்குக் கடன் கொடுத்தவர்களுக்குச் சுமார் 78 லட்சம் டாலர் வட்டி அனுப்ப வேண்டியிருந்தது. போனதோ ஏறக்குறைய 90 கோடி டாலர், அதில் பெரும்பகுதி வங்கியின் சொந்தப் பணம். மென்பொருளில் மூன்று கட்டங்களை நிரப்ப வேண்டிய இடத்தில் ஒன்றை மட்டும் நிரப்பியிருந்தார்கள். பதிவு செய்தவர், சரிபார்த்தவர், ஒப்புதல் அளித்தவர் என்று மூவர் பார்த்தும் மூவருமே அது சரி என்றுதான் நினைத்தார்கள். மறுநாள்தான் பிழை தெரிந்தது. பணம் பெற்றவர்களில் ஒரு பகுதியினர் திருப்பித் தர மறுத்தார்கள், வழக்கு நடந்தது. முதல் தீர்ப்பு வங்கிக்கு எதிராக வந்து, 2022 செப்டம்பரில் மேல்முறையீட்டில்தான் மாறியது. வங்கிகளில் 'மேக்கர்-செக்கர்' என்று தினமும் சொல்வார்கள். பதிபவர் ஒருவர், பார்ப்பவர் வேறொருவர். அந்தப் பார்வை வெறும் சடங்காகிவிட்டால் என்ன ஆகும் என்பதற்கு இதைவிடப் பெரிய பாடம் கிடைக்காது. உங்கள் மகள் பார்ப்பவர்களின் பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறார். அங்கிருந்து பார்க்கும்போதுதான் வங்கி வங்கியாகத் தெரியும்.

சலிப்பு பொய் என்று நான் சொல்லவில்லை. முதல் இரண்டு வாரங்களுக்குப் பிறகு இந்த வேலை சலிக்கும். நல்ல மாணவர்களுக்குச் சீக்கிரமே சலிக்கும். ஆனால் சலிப்பை மேலாளரிடம் சொல்வதற்கு ஒரு முறை இருக்கிறது. "எனக்கு வேறு வேலை கொடுங்கள்" என்று கேட்டால் அது புகார். "நான் பார்க்கும் பொருந்தா வரிகளில் பாதிக்குமேல் பணம் அனுப்பும் பிரிவில் குறிப்பு எண் தவறாகப் பதிவதால் வருகின்றன, அங்கே அரை நாள் உட்கார்ந்து எப்படிப் பதிகிறார்கள் என்று பார்க்கலாமா?" என்று கேட்டால் அது வேலை. இப்படிக் கேட்க வேண்டுமானால், தான் தீர்க்கும் வரிகளைக் காரணவாரியாக எண்ணி வைத்திருக்க வேண்டும். தேதி தவறா, கட்டணமா, ஒரே தொகை இரண்டு முறை வந்ததா, குறிப்பு எண் பிழையா என்று நான்கைந்து வகையாகப் பிரித்து, தினமும் வேலை முடிந்ததும் அலுவலகக் கணினியிலேயே ஒரு பட்டியலில் எண்ணிக்கையைச் சேர்த்துவந்தால் போதும். மூன்று வாரம் கழித்து அந்தப் பட்டியலைப் பார்த்தால், அந்தப் பிரிவில் பல ஆண்டு இருப்பவர்களே கவனிக்காத ஒன்று அதில் தெரியக்கூடும்.

அலுவலகக் கணினியிலேயே என்று சொன்னதற்குக் காரணம் உண்டு. பயிற்சி மாணவர்கள் வங்கியிலிருந்து வெளியே அனுப்பப்படுவது திறமைக் குறைவால் அல்ல, பெரும்பாலும் இந்த ஒரு விஷயத்தில்தான். திரையைக் கைப்பேசியில் படம் எடுப்பது, "வீட்டில் முடித்துவிடுகிறேன்" என்று கோப்பைச் சொந்த மின்னஞ்சலுக்கு அனுப்புவது, முதல் நாள் உற்சாகத்தில் மேசையோடு எடுத்த படத்தைச் சமூக ஊடகத்தில் போட்டு, பின்னால் ஒரு வாடிக்கையாளரின் பெயர் தெரிவது. நல்லெண்ணத்தோடு செய்தேன் என்பது அங்கே செல்லாது. வெளியே போகும் மின்னஞ்சலை வங்கிகள் கண்காணிக்கின்றன, மறைத்தும் பயனில்லை. சொந்தப் பங்கு வர்த்தகத்துக்கும் பல வங்கிகளில் கட்டுப்பாடு உண்டு, அது பயிற்சி மாணவருக்கும் பொருந்தலாம். சேர்ந்த நாளில் கையெழுத்துப் போட்ட காகிதங்களை அவர் படித்தாரா என்று ஒரு வார்த்தை கேளுங்கள். கையெழுத்துப் போட்டவர்களில் படித்தவர்கள் குறைவு.

இதில் உங்களுக்கும் பங்கு இருக்கிறது, ஐயா. மாலையில் வீடு திரும்பும் மகளிடம் "இன்று யார் கணக்கைப் பார்த்தாய், எவ்வளவு இருக்கிறது" என்று விளையாட்டாகக்கூடக் கேட்க வேண்டாம். உறவினர் கேட்டால் நீங்களே இடைமறித்துப் பேச்சை மாற்றிவிடுங்கள்.

நீங்கள் தலையிட வேண்டிய இடம் எது என்றும் சொல்லிவிடுகிறேன். உடல்நலமும் மரியாதையும் கெடும் இடத்தில் தலையிடுங்கள். 2013-இல் லண்டனில் ஒரு பெரிய வங்கியில் பயிற்சியில் இருந்த 21 வயது மாணவர் இறந்தபோது வேலை நேரம் உலகம் முழுவதும் பேச்சானது. இறப்புக்கு வலிப்பு நோய் காரணம் என்று விசாரணையில் தெரியவந்தது; களைப்பு அதைத் தூண்டியிருக்கக்கூடும் என்பதையும் விசாரணை அதிகாரி மறுக்கவில்லை. 2015-இல் கோல்ட்மேன் சாக்ஸ் என்ற அமெரிக்க வங்கி தன் முதலீட்டு வங்கிப் பிரிவின் பயிற்சி மாணவர்கள் நள்ளிரவுக்குள் அலுவலகத்தை விட்டுப் போக வேண்டும், காலை 7 மணிக்கு முன் வரக் கூடாது என்று விதித்தது. அப்படி ஒரு விதி தேவைப்பட்டதே அந்தத் துறையின் நிலையைச் சொல்லிவிடுகிறது. நீங்கள் பெருமூச்சு விடும் ஒத்துப்பார்க்கும் பிரிவில் பொதுவாக நேரம் இவ்வளவு மோசமாக இருப்பதில்லை. இருந்தாலும் மகள் தூங்குகிறாரா, சாப்பிடுகிறாரா, யாராவது தகாத முறையில் பேசுகிறார்களா என்பதைக் கேட்டுக்கொண்டே இருங்கள். அப்படி ஏதாவது நடந்தால் பயிற்சி, சான்றிதழ், எதிர்காலம் எல்லாம் அப்புறம்.

பயிற்சி முடிந்த பிறகு தன்விவரக் குறிப்பில் என்ன எழுதுவது என்றும் கேட்டிருந்தீர்கள். "ஒத்துப்பார்க்கும் பணிகளை நிர்வகித்தேன்" என்று எழுத வேண்டாம். பத்து வாரம் இருந்த மாணவர் எதையும் நிர்வகித்திருக்க மாட்டார் என்பது நேர்முகத்தில் உட்காருபவருக்குத் தெரியும். "பொருந்தா வரிகளைக் காரணவாரியாகப் பிரித்துப் பட்டியலிட்டேன், அதிகம் வந்த காரணத்தைக் கண்டு மேலாளரிடம் காட்டினேன்" என்பது சிறிய வாக்கியம்தான், ஆனால் அதைப் பற்றி அடுத்த பத்து நிமிடமும் கேள்வி வரும். பதிலும் அவரிடம் இருக்கும். வாடிக்கையாளர் பெயரோ தொகையோ அதில் எங்கும் வரக் கூடாது என்பதை மறுபடி சொல்ல வேண்டியதில்லை.

இவ்வளவுக்குப் பிறகும் வங்கி வேலையே பிடிக்கவில்லை என்று அவர் முடிவு செய்தால் செய்யட்டும், அதைப் பத்தாவது வாரத்தில் செய்யட்டும். பெரிய வங்கிகள் பல, புதிதாக ஆள் எடுக்கும்போது தங்களிடம் பயிற்சியில் இருந்தவர்களைத்தான் முதலில் பார்க்கின்றன. வந்த அழைப்பை வேண்டாம் என்று சொல்லலாம். பாதியில் போனவருக்கு அழைப்பே வராது.

இடைக்கால மதிப்பீடு அடுத்த வாரம் என்று எழுதியிருக்கிறீர்கள். காரணப் பட்டியலை இன்றே தொடங்கச் சொல்லுங்கள். ஒரு வாரக் கணக்கு இருந்தாலும் மதிப்பீட்டில் காட்ட ஏதோ ஒன்று இருக்கும். அரை நாள் வேறு பிரிவில் உட்காரும் அனுமதியையும் அந்தச் சந்திப்பிலேயே கேட்கலாம். சந்திப்பை மாதக் கடைசி நாளில் வைத்திருந்தால் மட்டும் இரண்டு நாள் தள்ளிப்போடச் சொல்லுங்கள். அன்றைக்கு அந்தப் பிரிவில் யாருக்கும் தலை நிமிர நேரம் இருக்காது.