மசாய் மாரா: ஊசி முதலில், உடுப்பு அப்புறம்

கேள்வி: நானும் கணவரும் 66 வயது மாமியாரும் ஆகஸ்ட் மூன்றாம் வாரம் கென்யா போகிறோம். நைரோபியில் ஓர் இரவு, அங்கிருந்து சின்ன விமானத்தில் மசாய் மாரா வனவிலங்குக் காப்பகம். மூவருக்குமே இதுதான் முதல் சஃபாரி. கிளம்ப மூன்று வாரம்கூட இல்லை. காக்கி உடை, தொப்பி, புதுப் பெட்டி, முறுக்கு, தட்டை எல்லாம் வாங்கியாயிற்று. இன்னும் எதை விட்டிருக்கிறோம்?
- வாசகி, கும்பகோணம்

பதில்: மஞ்சள் காய்ச்சல் (யெல்லோ ஃபீவர்) ஊசி போட்டுவிட்டீர்களா? உங்கள் பட்டியலில் அது இல்லையே என்றுதான் முதலில் பதறினேன். இந்தியாவிலிருந்து நேரே போகிறவர்களிடம் கென்யாவில் அந்தச் சான்றிதழைக் கேட்பதில்லை. ஊர் திரும்பும்போது நம் விமான நிலையத்தில் கேட்பார்கள். இல்லையென்றால் 6 நாள் வரை தனியாக வைத்துவிடலாம். ஊசி போட்டு 10 நாள் ஆன பிறகே சான்றிதழ் செல்லும் என்பதால் இந்த வாரமே போடுங்கள். ஒருமுறை போட்டால் ஆயுளுக்கும் போதும். தெரிந்த டாக்டரிடம் போட்டுக்கொண்டால் செல்லாது, அரசு அங்கீகரித்த மையமாக இருக்க வேண்டும். சென்னை கிண்டி கிங் இன்ஸ்டிட்யூட்டில் போடுகிறார்கள். பாஸ்போர்ட்டை மறக்காதீர்கள்.

மாமியார் விஷயத்தில் மட்டும் அவசரப்படாதீர்கள். 60 தாண்டியவர்களுக்கு இந்த ஊசியால் அரிதாகக் கடுமையான பக்கவிளைவு வருவதுண்டு. அவர் சாப்பிடும் மாத்திரைச் சீட்டுகளோடு டாக்டரைப் பார்த்து, டாக்டர் சொல்வதைக் கேளுங்கள்.

அப்படியே மலேரியா மாத்திரையும் எழுதி வாங்குங்கள். மாராவில் மலேரியா உண்டு. அட்டோவாகோன்-ப்ரோகுவானில் என்றால் போவதற்கு ஓரிரு நாள் முன்பு தொடங்கி, திரும்பிய பின்னும் 7 நாள் சாப்பிட வேண்டும். டாக்ஸிசைக்ளின் என்றால் திரும்பிய பின் 4 வாரம். வீடு வந்ததும் நிறுத்திவிடுகிறவர்களைப் பார்த்தால் எனக்குக் கோபமே வரும்.

கென்யாவில் 2024 ஜனவரியிலிருந்து விசாவுக்குப் பதில் இடிஏ என்ற ஆன்லைன் அனுமதி. மூவருக்கும் தனித்தனியாக இன்றே விண்ணப்பித்துவிடுங்கள்.

புதுப் பெட்டியை வீட்டிலேயே விட்டுவிடுங்கள். மாராவுக்குப் போகும் சின்ன விமானங்களில் பொதுவாகத் தலைக்கு 15 கிலோதான், கைப்பையும் அதற்குள் அடக்கம். மடங்கும் துணிப்பையாக இருக்க வேண்டும், கெட்டிப் பெட்டி ஏற்ற மாட்டார்கள். முறுக்கும் தட்டையும் தாராளமாக வரட்டும், ஆனால் பிளாஸ்டிக் கவரில் வேண்டாம். 2017 ஆகஸ்ட் முதல் கென்யாவில் பிளாஸ்டிக் பைக்குத் தடை. டப்பாவில் போடுங்கள்.

உடையில் ராணுவப் புள்ளி போட்டது இருந்தால் எடுத்துவிடுங்கள், அங்கே பொதுமக்கள் அதை அணியக் கூடாது. கருநீலமும் கறுப்பும் செட்சீ என்ற கடிக்கும் ஈயை இழுக்கும். ஸ்வெட்டர் எழுதவே இல்லையே நீங்கள்! மாரா கடல் மட்டத்திலிருந்து சுமார் 1,500 மீட்டருக்கு மேல் இருக்கிறது. விடியும் முன் கிளம்பி, கூரையைத் தூக்கிய லேண்ட் குரூசரில் நிற்கும்போது காற்று காதை அறுக்கும். மாமியாருக்கு மப்ளரும் வையுங்கள். ஒன்பது மணிக்கெல்லாம் ஒவ்வொன்றாகக் கழற்ற வேண்டிவரும், அதனால் ஒரே தடித்த கோட்டைவிட மெல்லியதாக இரண்டு மூன்று நல்லது.

மிச்சமிருக்கும் பணத்தில் பைனாகுலர் வாங்குங்கள். 8x42 போதும், அதாவது எட்டு மடங்கு பெரிதாகக் காட்டும், முன் லென்ஸ் 42 மி.மீ. அகலம். ஆளுக்கு ஒன்று, இதில் நான் பிடிவாதக்காரி. மரத்தில் சிறுத்தை படுத்திருக்கும், கிளைக்குக் கீழே தொங்கும் வால் நுனி மட்டும் அசையும். ஓட்டுநர் கை நீட்டிக் காட்டுவார். நீங்கள் பார்த்து, கணவர் வாங்கிப் பார்த்து, மாமியார் கைக்கு வந்து அவர் கண்ணுக்குச் சரிசெய்வதற்குள் அது இறங்கிப் புல்லுக்குள் போயிருக்கும். இவ்வளவு தூரம் கூட்டிப்போய்விட்டு அவருக்கு வெறும் கிளையைக் காட்டலாமா? ஆகஸ்டில் வில்டபீஸ்ட் என்ற பெரிய மான் வகைக் கூட்டம் மாரா ஆற்றைக் கடக்கும். கரையில் மணிக்கணக்கில் காத்திருந்தாலும் கடக்காமல் திரும்பிப்போவதும் உண்டு. அந்த நேரத்திலும் முதலை, நீர்யானை, பறவை என்று பார்த்துத் தீராது, பைனாகுலர் இருந்தால்.

சார்ஜருக்கு மூன்று தட்டைக் கால் உள்ள அடாப்டர் வேண்டும், நம் ஊர் பிளக் அங்கே நுழையாது. மாமியாரை ஓட்டுநருக்குப் பக்கத்து சீட்டில் உட்காரவையுங்கள், பின் சீட்டில்தான் அதிகம் தூக்கிப்போடும்.