ஷெல்ஃப் ரயில்: வாசகர் கேள்விகளுக்குப் பதில்கள்

கே: எங்கள் ஹால் ஷெல்ஃபில் மாடல் ரயில் வட்டமாகச் சுற்றும்படி அமைக்க முடியுமா? (தாம்பரம்)

ப: எத்தனை அடி ஷெல்ஃப்? எச்ஓ-வா (HO, நிஜ ரயிலில் 87-ல் ஒரு பங்கு), 'என்' கேஜா (N, அதைவிடச் சிறியது)? இரண்டையும் எழுதாமல் கேட்டால் ஜோசியம்தான் பார்க்க வேண்டும். சுவர் ஷெல்ஃப் என்பதால் ஒரு அடி அகலம் என்று வைத்துக்கொள்கிறேன். எச்ஓ-வில் 18 அங்குல ஆரத்தில் ரயில் திரும்ப மூன்றரை அடி அகலம் வேண்டும். 'என்' கேஜிலும் சாதாரண வளைவுக்கு இரண்டு அடி போய்விடும். வட்டத்தை மறந்துவிட்டு யார்டு (வேகன்களைப் பிரித்துக் கோர்க்கும் இடம்) போடுங்கள். 'இங்கிள்நூக்' என்றொரு பழைய பிரிட்டிஷ் அமைப்பு உண்டு: மூன்று சைடிங் (வேகன் நிறுத்தும் கிளைத் தடம்), இரண்டே பாயிண்ட் (தடம் பிரியும் இடம்). ஒன்றில் ஐந்து வேகன் நிற்கும், மற்ற இரண்டில் மும்மூன்று. எட்டு வேகனைக் கலைத்து நிறுத்தி, சீட்டுக் குலுக்கி வந்த வரிசையில் ஐந்தைக் கோர்க்க வேண்டும். ஆறு அடிக்குள் அடங்கும், அலுக்காது. அப்புறம் வழக்கமான எச்சரிக்கை: ஓட்டிப் பார்த்த பிறகே ஒட்டுங்கள்.

கே: 20 பெட்டியோடு முழு எக்ஸ்பிரஸ் நிறுத்த எவ்வளவு நீளம் தேவை? (மதுரை)

ப: எச்ஓ-வில் எல்ஹெச்பி (இப்போதைய எக்ஸ்பிரஸ்களின் நீளமான ரகம்) பெட்டி ஒன்று 27 செ.மீ. இன்ஜினோடு ஐந்தரை மீட்டரைத் தாண்டும். நான்கு பெட்டி பாசஞ்சர் போதாதா?

கே: நம் பிராட்கேஜ் ரயில் மாடலில் தண்டவாளம் குறுகலாகத் தெரிகிறதே? (கோவை)

ப: நல்ல கண். எச்ஓ தண்டவாளத்தின் அகலமான 16.5 மி.மீ. என்பது 1435 மி.மீ. ஸ்டாண்டர்ட் கேஜுக்குப் போட்ட கணக்கு. நம் 1676-ஐ 87-ஆல் வகுத்தால் 19-க்கு மேல் வரும். உறுத்தினால் 12 மி.மீ. தண்டவாளத்தில் மீட்டர்கேஜ் கட்டுங்கள், கணக்கு ஏறக்குறைய சரியாக வரும். உறுத்தாவிட்டால் மூன்றடி தள்ளி நின்று பாருங்கள்.

கே: தெர்மோகோல் மலை ஸ்பிரே பெயிண்ட் அடித்ததும் கரைந்துவிட்டது. (சேலம்)

ப: கரையத்தான் செய்யும். தின்னர் கலந்த எதுவும் அதன் பக்கம் போகக் கூடாது. ஃபெவிகால், வாட்டர் பெயிண்ட், அவ்வளவுதான்.

கே: ஆன்லைனில் புல் பொடி, பைன் மரம் எல்லாம் வாங்கி ஒட்டினேன். நம்ம ஊர் மாதிரியே இல்லை. என்ன குறை? (தூத்துக்குடி)

ப: தூத்துக்குடியில் இருந்துகொண்டு இதைக் கேட்கிறீர்கள்! மணியாச்சி வரை ஜன்னலோரம் உட்கார்ந்து போய் வாருங்கள். பச்சை எவ்வளவு தெரிகிறது? கரிசலும் செம்மண்ணும் காய்ந்த புல்லும்தான். நடுவே உடைமரம், சீமைக்கருவேலம், பனை. கடைக்காரன் விற்பது ஐரோப்பிய வசந்தகாலப் புல்வெளி. அதை வாங்கிக் கொட்டிவிட்டு நம் நீல நிறப் பெட்டியை ஓட்டுகிறவர்களைப் பார்த்துப் பார்த்து எனக்கு அலுத்துவிட்டது. பைன் கொடைக்கானலில் இருக்கிறது; ரயில் கொடை ரோடோடு நின்றுவிடுகிறது.

மண்ணைக் காசு கொடுத்து வாங்காதீர்கள். வாசலில் அள்ளி, வெயிலில் காயவைத்து, பூச்சி போக வாணலியில் வறுத்து, டீ வடிகட்டியில் சலியுங்கள். பிறகு கட்டாயம் ஒரு காந்தத்தை அதன்மேல் ஓட்டுங்கள். உங்கள் பக்கத்துத் தேரி மண் என்றால் கரும்பொடி அப்பிக்கொண்டு வரும். அது மோட்டாருக்குள் போனால் இன்ஜின் கதை முடிந்தது. மண்ணைத் தூவி, ஃபெவிகாலும் தண்ணீரும் சரிபாதி கலந்து, பாத்திரம் கழுவும் லிக்விட் ஒரு சொட்டு விட்டு, சிரிஞ்சால் ஊற்றுங்கள். பனைமரம் எச்ஓ-வில் ஒரு சாண் உயரமாவது வர வேண்டும். மூன்று அங்குலத்தில் வைத்தால் அது வடலி. இதெல்லாம் ரயில் ஒரு வாரம் தடம் புரளாமல் ஓடிய பிறகு. ஓட்டிப் பார்த்த பிறகே ஒட்டுங்கள்.

கே: பாயிண்ட் மேல் இன்ஜின் நின்று நின்று போகிறது. உப்புத்தாள் போட்டுத் தேய்த்தும் சரியாகவில்லை. (திருச்சி)

ப: தேய்த்ததுதான் தப்பு. கீறலில் அழுக்கு இன்னும் சீக்கிரம் ஏறும். துணியில் ஐசோபுரொப்பைல் ஆல்கஹால் தொட்டுத் துடையுங்கள், இன்ஜின் சக்கரத்தையும் சேர்த்து.

கே: சென்னைக் காற்றில் பிளைவுட் வளைந்துவிட்டது. (அடையாறு)

ப: மலிவு விலை பிளைவுட்டா? 12 மி.மீ. பிடபிள்யூபி (தண்ணீர் தாங்கும் ரகம்) வாங்கி, அடிப்பக்கமும் ஓரமும் சேர்த்து பெயிண்ட் அடியுங்கள். எல்லோரும் மேல்பக்கம் மட்டும்தான் அடிக்கிறார்கள்.

கே: கொலுவில் பார்க் கட்டிக் கடுகு முளைக்கவைத்து, நடுவே ரயில் விடலாமா? (மயிலாப்பூர்)

ப: தாராளமாக. முளைப்பயிர் தனித் தட்டில், தண்டவாளத்துக்கு ஒரு சாண் தள்ளி இருக்கட்டும். தண்ணீர் தெளிக்கும்போது பவரை நிறுத்தி ரயிலை எடுத்துவிடுங்கள். பத்து நாள் விவகாரம் என்பதால் இங்கே மட்டும் எதையும் ஒட்டவே வேண்டாம்.